குளோர்ஹெக்ஸிடின் – மைக்கோனசோல் ஷாம்பு: ஒரு லாப்ரடாரிடமும் ஒரு பூனைக்குட்டியிடமும் எட்டு மாதம் பயன்படுத்திப் பார்த்த மதிப்புரை

நாய்களுக்கும் பூனைகளுக்கும் தோலில் வரும் பூஞ்சை நோய்களுக்குக் கால்நடை மருத்துவர்கள் எழுதித் தரும் ஷாம்புகளுள், குளோர்ஹெக்ஸிடின் 2 சதவீதமும் மைக்கோனசோல் 2 சதவீதமும் சேர்ந்த கலவையைக் கடந்த டிசம்பர் முதல் எங்கள் வீட்டில் பயன்படுத்தி வருகிறோம். இதே கலவையைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்கின்றன. நாங்கள் அவற்றுள் இரண்டை மாறி மாறி வாங்கியிருக்கிறோம். பலனில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஆகவே நான் இங்கே மதிப்பிடுவது புட்டியின் மேலுள்ள பெயரை அன்று, உள்ளேயிருக்கும் மருந்தை. இது நல்ல மருந்து. ஆனால் எந்த நோய்க்கு, எந்த முறையில், எவ்வளவு நேரம் என்ற மூன்றும் சரியாக அமைந்தால்தான் இது மருந்தாகிறது. இல்லாவிட்டால் விலை கூடிய சோப்பு நுரையாகவே வடிகாலில் போகிறது. முதல் இரண்டு வாரங்களில் எங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

எங்கள் வீரா ஆறு வயது லாப்ரடார். எடை 31 கிலோ. வேளச்சேரியில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வீட்டுச் சுவரே ஈரம் கசியும். அந்த நவம்பரில் அவனுடைய அக்குள்களும் அடிவயிறும் சிவந்து, பிறகு கறுத்து, தோல் தடித்து யானைத் தோலைப் போல வரி வரியாயிற்று. பாதங்களை இரவெல்லாம் நக்கியதில் நகக்கண்கள் பழுப்பேறின. எல்லாவற்றையும்விட அந்த வாடைதான் எங்களை வாட்டியது. ஊசிப்போன எண்ணெயும் புளித்த மாவும் கலந்தாற்போன்ற வாடை. குளிப்பாட்டிய மறுநாளே திரும்பி வந்துவிடும்.

முதலில் சென்ற மருத்துவமனையில் தோலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஸ்டீராய்டு ஊசி ஒன்றைப் போட்டு அனுப்பினார்கள். பத்து நாள் அரிப்பு நின்றது. பதினோராம் நாள் முன்னைவிட மோசமாகத் தொடங்கியது. அண்டை வீட்டு அம்மாள் அன்போடு சொன்னதைக் கேட்டு ஒரு வாரம் வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவிப் பார்த்தேன். பிசுபிசுப்பும் வாடையும் கூடினவே தவிரக் குறையவில்லை. அதன் காரணம் பின்னால்தான் விளங்கியது.

இரண்டாவது மருத்துவர் செய்த முதல் வேலை, வீராவின் அக்குளில் ஒளி ஊடுருவும் ஒட்டு நாடாவை நாலைந்து முறை ஒற்றி எடுத்ததுதான். அதைச் சாயத்தில் தோய்த்துக் கண்ணாடித் துண்டில் ஒட்டி நுண்ணோக்கியில் வைத்து, என்னையும் அழைத்துக் காட்டினார். ஊதா நிறத்தில், இடை குறுகிய நிலக்கடலையைப் போன்ற சிற்றுருவங்கள் கூட்டம் கூட்டமாகக் கிடந்தன. மலசீசியா பாக்கிடெர்மாட்டிஸ் என்று அதன் பெயரை எழுதிக் கொடுத்தார். பிரெஞ்சு அறிவியலாளர் மலசேயின் பெயரால் வழங்கும் ஈஸ்ட் இனம், அதாவது ஒற்றைச் செல் பூஞ்சை இனம், இது. பாக்கிடெர்மாட்டிஸ் என்ற பின்பாதி தடித்த தோலைக் குறிக்கிறது. 1925இல் இதை முதன்முதலாக விவரித்தபோது எடுத்த மாதிரி ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் தோலிலிருந்து வந்ததாம். மனிதர்களுக்கு மழைக்காலத்தில் முதுகில் படரும் தேமலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு உயிரிகளால் வருவதுதான் என்றபோது, இத்தனை நாள் அந்நியமாகத் தோன்றிய நோய் சற்றுப் பழகியதாகிவிட்டது.

இந்த ஈஸ்ட் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் நாயின் தோலிலும் காதிலும் இயல்பாகவே வாழ்கிறது. ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றிப் பரவும் நோயாக இதை எண்ண வேண்டியதில்லை. ஒவ்வாமை, தைராய்டு சுரப்புக் குறைவு, தோல் மடிப்புகளில் தங்கும் ஈரம் போன்ற ஏதோ ஒன்று தோலின் காவலைத் தளர்த்தும்போது அது அளவு மீறிப் பெருகுகிறது. பாசெட் ஹவுண்ட், காக்கர் ஸ்பானியல், ஷிட்சு, ஜெர்மன் ஷெப்பர்ட் முதலிய இனங்களில் இது அதிகம் காணப்படுகிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலங்களைத் தானே ஆக்கிக்கொள்ள முடியாத உயிரி ஆதலால், தோலில் சுரக்கும் கொழுப்பை உண்டே அது பிழைக்கிறது. நான் ஒரு வாரம் அதன்மேல் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

ஷாம்புவின் இரண்டு மருந்துகளும் இரு வேறு வழிகளில் வேலை செய்கின்றன. குளோர்ஹெக்ஸிடின் நுண்ணுயிரின் மேலுறையைச் சிதைத்து உள்ளிருப்பதைக் கசியச் செய்கிறது. பாக்டீரியாவையும் ஈஸ்டையும் ஒருங்கே தாக்குவது இதன் சிறப்பு. ஈஸ்ட் பெருகிய தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் பெரும்பாலும் கூடவே பெருகியிருப்பதால் இது முக்கியம். மைக்கோனசோலோ, பூஞ்சை தன் உறையைக் கட்டுவதற்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்னும் பொருளை உருவாக்கவிடாமல் தடுக்கிறது. நாய்களின் மலசீசியா தோலழற்சிக்கு மேற்பூச்சு மருத்துவமாக மிக வலுவான சான்றுகள் இருப்பது இந்த 2–2 சதவீதக் கலவைக்குத்தான். வாரம் இருமுறை குளிப்பாட்டுவது என்பதே கால்நடைத் தோல் மருத்துவர்களின் பன்னாட்டு வழிகாட்டுதல்களும் சொல்லும் முறை.

இனி, குளிப்பாட்டும் முறையைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வாங்குபவர்கள் ஏமாற்றமடைவதற்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

முதல் நான்கு குளியல்களில் நான் செய்தது, வழக்கமான ஷாம்புவைப் போலவே ஒரு குவளைத் தண்ணீரில் இதைக் கரைத்து உடலெங்கும் ஊற்றி, நன்றாக நுரை வந்ததும் கழுவிவிட்டதுதான். மருந்து தோலில் தங்கியிருந்தது இரண்டு நிமிடம்கூட இராது. பலன் இல்லை என்று மருத்துவரிடம் குறைபட்டுக்கொண்டபோது, எத்தனை நிமிடம் ஊற வைத்தீர்கள் என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. உடல் முழுவதும் நுரை சேர்ந்த பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் முழுமையாக விட வேண்டும். தேய்க்கத் தொடங்கிய நேரத்திலிருந்து கணக்கிடக் கூடாது. நோய் மிகுந்த இடங்களில் முதலில் தேய்த்துத் தொடங்கினால் அந்த இடங்களுக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். ஆகவே வீராவுக்கு அக்குள், தொடையிடுக்கு, விரலிடைகள், கழுத்தின் அடிமடிப்பு, பிறகு மற்றவை என்று ஒரு வரிசையை ஏற்படுத்திக்கொண்டோம்.

தோலில் எண்ணெய்ப் பிசுக்கும் பொருக்கும் படிந்திருக்கும்போது மருந்து தோலைச் சென்றடைவதில்லை. அதனால் முதலில் சாதாரண நாய் ஷாம்புவால் ஒருமுறை அலசிப் பிசுக்கைப் போக்கிவிட்டு, அதன் பிறகே மருந்து ஷாம்புவைப் போட வேண்டும். இடையில் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண சோப்பிலும் ஷாம்புவிலும் உள்ள சில சலவைப் பொருள்கள் குளோர்ஹெக்ஸிடினைச் செயலிழக்கச் செய்துவிடும். முதல் ஷாம்புவின் வழவழப்பு துளியும் எஞ்சாதபடி கழுவிய பின்பே இதைத் தடவ வேண்டும். இரண்டையும் ஒரே குவளையில் கலந்து சிக்கனம் பிடிப்பது இரண்டையும் வீணாக்கும். நிறையத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதும் அவ்வாறே.

பத்து நிமிடம் ஒரு லாப்ரடாரைக் குளியலறையில் நுரையோடு நிறுத்தி வைப்பது எளிதன்று. அவன் உதறுவதைவிட நக்குவதுதான் ஆபத்து. தட்டில் கெட்டித் தயிரைப் பூசிச் சுவரோரம் வைத்ததும் அவன் கவனம் அதில் சென்றுவிட்டது. அந்தத் தட்டு ஏறத்தாழ ஆறு நிமிடம் தாங்கும், மீதி நான்கு நிமிடம் என் மகன் அவனோடு பேசிக்கொண்டிருப்பான். வெந்நீர் அரிப்பைத் தூண்டும் என்பதால் குழாய்த் தண்ணீரே போதும். மார்கழிக் காலையில் மட்டும் சற்றே வெதுவெதுப்பாக்கிக்கொண்டோம். கண்ணுக்குள் நுரை போகாமல் பார்த்துக்கொள்வதை நான் மிகவும் வற்புறுத்துவேன். குளோர்ஹெக்ஸிடின் கருவிழியைப் புண்ணாக்கக்கூடியது. முகத்துக்கு ஈரத்துணியில் சிறிதளவு எடுத்து, கண்ணை விட்டு விலகித் துடைத்தோம். காதுக்குள்ளும் இதை ஊற்றக் கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் இது உட்செவிக்குச் சென்று கேட்கும் திறனையே பாதிக்கலாம். காதில் இதே ஈஸ்ட் இருந்தாலும் அதற்கு மருத்துவர் காதைப் பார்த்துத் தரும் துளி மருந்துதான் வழி.

கழுவிய பின் துவட்டுவதையும் மருத்துவத்தின் பகுதியாகவே கொள்ள வேண்டும். சென்னையின் காற்றில் நாயின் விரலிடையும் அக்குளும் தாமாக உலர்வதற்குள் மாலையாகிவிடும். இரண்டு துண்டுகள், அதன் பிறகு மின்விசிறியின் கீழ் அரைமணி நேரம், விரலிடைகளுக்கு மட்டும் சூடில்லாத காற்றில் முடி உலர்த்தி என்று நாங்கள் செய்தோம். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு பாதம் நக்குவது வெளிப்படையாகக் குறைந்தது.

முறை திருந்திய பின் பலன் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றாவது குளியலிலேயே வாடை பாதியாயிற்று. இரண்டாம் வார இறுதியில் சிவப்பு தணிந்தது. இரவில் சொறியும் ஓசை கேட்டு நாங்கள் விழிப்பது நின்றது. நான்காம் வாரம் மருத்துவர் மீண்டும் நாடா ஒற்றிப் பார்த்தபோது, முன்பு கூட்டமாகக் கிடந்த இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில உருவங்களே தென்பட்டன. முடி வளர இரண்டு மாதம் ஆயிற்று. கறுத்துத் தடித்த தோல் மெல்ல மெல்லத்தான் இளகியது. அக்குளில் இன்றும் ஒரு நிழல் இருக்கிறது. அந்தக் கருமை நோய் தொடர்வதன் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை என்பதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் ஒரு மாதக் கவலை மிச்சமாகியிருக்கும்.

செலவு குறைவன்று. நாங்கள் வாங்கிய 200 மில்லி புட்டியின் விலை 480 ரூபாய். வீராவின் உடலளவுக்கு ஒரு குளியலுக்கு 50 முதல் 60 மில்லி வரை செலவாவதால், வாரம் இருமுறை என்ற கணக்கில் முதல் மாதத்திலேயே இரண்டு புட்டிகள் தீர்ந்து மூன்றாவதைத் திறக்க வேண்டியிருந்தது. சிறிய நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுமை பெரிதாகத் தெரியாது. பெரிய நாய் வைத்திருப்பவர்கள் உடலெங்கும் நோய் இல்லாதபோது மருத்துவரைக் கேட்டுப் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

எனக்குள்ள பெரிய குறை புட்டியில் ஒட்டியிருக்கும் விவரச்சீட்டைப் பற்றியது. இரு நிறுவனங்களின் புட்டிகளிலும் மருந்தின் அளவும் தொகுதி எண்ணும் தெளிவாக உள்ளன. ஊற வைக்க வேண்டிய நேரமோ, ஒன்றில் கண்ணுக்கே தெரியாத சிறு எழுத்தில், மற்றொன்றில் அட்டைப்பெட்டியின் உட்புறத்தில் அச்சாகியிருக்கிறது. பெட்டியைத் தூக்கி எறிந்தவருக்கு அந்தச் செய்தி போயே போயிற்று. புட்டியின் முகப்பில் பத்து நிமிடம் என்று தமிழிலும் பெரிதாக அச்சிடுவதற்கு ஆகும் செலவு அற்பமானது. அது இல்லாததால் எத்தனை நாய்கள் தேவையின்றி இன்னும் சொறிந்துகொண்டிருக்கின்றன என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. மற்றபடி மணம் மிதமானது. மூடி வழுக்குகிறது. நுரை போதுமான அளவு வருகிறது.

பிப்ரவரியில் இந்த ஷாம்புவுக்கு இரண்டாவது சோதனை வந்தது. எங்கள் அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் தாயை இழந்து கத்திக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பூனைக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கறுப்பி என்றே பெயரிட்டோம். பத்து நாளில் அதன் காது மடலிலும் மூக்கின் மேலும் முடி உதிர்ந்து, சாம்பல் தூவினாற்போல வட்டங்கள் தெரிந்தன. அதே வாரத்தில் என் அண்ணன் மகளின் முன்கையில் ஓர் அழகான வட்டம், விளிம்பு சிவந்து நடுவில் வெளிறி எழும்பியது. நம் முன்னோர் இதற்குப் படர்தாமரை என்று பெயரிட்டது எவ்வளவு பொருத்தம் என்று அன்று நேரில் கண்டேன். குளத்தில் தாமரை இலை பரவுவதைப் போலவே அது விளிம்பில் விரிகிறது.

இது வீராவுக்கு வந்த நோயன்று. இரண்டையும் பூஞ்சை என்ற ஒரே சொல்லில் அடக்கி ஒரே மருந்தைத் தேடுவதுதான் பலர் செய்யும் பிழை. படர்தாமரையை உண்டாக்குவன முடியிலும் நகத்திலும் உள்ள கெராட்டின் என்னும் புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சைகள். பூனைகளில் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ். மண்ணிலிருந்தும் எலிகளிடமிருந்தும் வரும் வேறு இனங்களும் உண்டு. இது உறுதியாகத் தொற்றும். பூனையிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். குழந்தைகளும் முதியோரும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களும் உள்ள வீட்டில் இதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

மருத்துவர் அறையை இருட்டாக்கி, வுட்ஸ் விளக்கு எனப்படும் புற ஊதா விளக்கைக் கறுப்பியின் முகத்தருகே பிடித்தபோது, உதிர்ந்த இடத்தின் ஓரத்து முடிகள் வேர்ப்பகுதியில் பச்சை ஆப்பிளின் நிறத்தில் ஒளிர்ந்தன. முடி ஒளிர வேண்டும். செதிலோ, தடவிய களிம்போ, துணி நூலோ நீலமாகவும் வெண்மையாகவும் மின்னுவதைப் பார்த்து மயங்கக் கூடாது. வழக்கமாகக் காணும் பூஞ்சைகளுள் இவ்வாறு ஒளிர்வது மைக்ரோஸ்போரம் கேனிஸ் மட்டுமே ஆதலால், ஒளிராததைக் கொண்டு நோய் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. ஒளிர்ந்த முடிகளைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்த்ததோடு, புதிய பல் துலக்கியால் உடலெங்கும் வாரி, அதன் தும்புகளை, பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் ஊடகத்தில் ஊன்றினார். மஞ்சளாக இருந்த ஊடகம் வெண்பஞ்சு போன்ற வளர்ச்சியோடு சில நாளில் சிவந்தது; படர்தாமரைப் பூஞ்சைதான் என்பதற்கு அது அடையாளம்.

இங்கே ஷாம்புவின் எல்லை தெரிகிறது. படர்தாமரைப் பூஞ்சை முடிக்குள்ளேயே குடியிருப்பதால் மேலே தடவும் மருந்து மட்டும் அதை வேரறுக்காது. வாய்வழியாக இட்ராகோனசோல் திரவத்தை எடைக்கேற்ற அளவில் ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் நிறுத்தி, இவ்வாறு மூன்று சுற்று கொடுக்கச் சொன்னார். மூலப்பொடியிலிருந்து கலந்து தயாரித்துத் தரும் இட்ராகோனசோல் உடலில் சரிவரச் சேராது என்பதால் அதைத் தவிர்க்கவும் சொன்னார். உள்ளே இந்த மருந்து வேலை செய்ய, வெளியே உதிரும் வித்துகளை, அதாவது பூஞ்சை பரவ உதவும் நுண்துகள்களை, கொன்று வீட்டுக்குள் பரவாமல் தடுப்பதுதான் வாரம் இருமுறை இட்ட ஷாம்புவின் பணி. அந்தப் பணியை அது நன்றாகவே செய்தது. எனினும், ஒரு பூனைக்குட்டியைப் பத்து நிமிடம் நுரையில் வைத்திருப்பதன் வேதனையை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. கறுப்பி நடுங்கினாள், என் கைகளில் கீறல்கள் விழுந்தன, குளிர் தாக்காமல் உடனே உலர்த்துவதற்காக மடியில் துண்டோடு பொதிந்து அரைமணி நேரம் வைத்திருந்தேன். பூனை தன் உடலை ஓயாமல் நக்கும் பிராணி ஆதலால், நாய்க்குக் கழுவுவதைவிட இரு மடங்கு நேரம் கழுவினோம். பூனைகளுக்கு இந்த வடிவம் மருந்தாகத் தக்கது, பழக்கத்துக்குத் தகாதது என்பதே என் தீர்ப்பு. சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலில் நனைத்தெடுக்கும் முறையும் நல்ல பலன் தரும் என்றார் மருத்துவர். அழுகிய முட்டை வாடை அடிக்கும் அந்தக் கரைசல் எங்கள் பகுதிக் கடைகளில் கிடைக்கவில்லை.

வீட்டைத் தூய்மையாக்கியதில் பாதி வேலை இருந்தது. உதிர்ந்த முடியில் ஒட்டியிருக்கும் வித்துகள் உலர்ந்த சூழலில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கக்கூடும். ஆனால் தரையில் அவை பெருகுவதில்லை. ஆகவே முதல் வேலை முடியை அகற்றுவது, இரண்டாவது சோப்புத் தண்ணீரால் துடைப்பது, மூன்றாவதுதான் கிருமிநாசினி. சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர் சேர்த்துத் தரையில் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தோம். விரிப்புகளைத் தனியே துவைத்து வெயிலில் உலர்த்தினோம். குட்டியை எளிதில் துடைக்கக்கூடிய ஓர் அறையில் வைத்தாலும், மனிதரோடு பழக வேண்டிய வயது அது என்பதால், பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு தினமும் இருவேளை அதனோடு விளையாடினோம். வீராவையும் விளக்கின் கீழ் பார்த்தார்கள், அவனிடம் ஒளிரவில்லை. இருந்தும் அந்த மாதங்களில் அவனுக்கும் வாரம் இருமுறை என்பதைத் தவறவிடவில்லை.

அண்ணன் மகள் விஷயத்தில் ஒரு தவறு நடந்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவியதும் இரண்டே நாளில் சிவப்பு அடங்கியது; பத்தாம் நாள் வட்டம் தன் உருவை இழந்து முழங்கை வரை பரவியது. பூஞ்சை மருந்தோடும் பாக்டீரியா மருந்தோடும் வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்த களிம்பு அது. தோல் மருத்துவர் அதை நிறுத்தி, பூஞ்சை மருந்து மட்டும் கொண்ட களிம்பை எழுதித் தந்த பிறகே குணமாயிற்று. நம் நாட்டில் மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத படர்தாமரை மனிதர்களிடையே பரவி வருவதற்கு இத்தகைய களிம்புகளும் காரணம் என்று தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்கள். அதே களிம்பைப் பூனைக்கும் நாய்க்கும் தடவுபவர்கள் இருக்கிறார்கள். அவை அதை நக்கி விழுங்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். தேயிலை மர எண்ணெய் பூனைக்கு நஞ்சு. சொறிக்குக் கழிவு எஞ்சின் எண்ணெய் பூசும் கொடுமையையும் தெருநாய்களிடம் கண்டிருக்கிறேன். அது மருத்துவமே அன்று.

முடி உதிர்ந்து தோல் சிவந்தாலே பூஞ்சை என்று இந்தப் புட்டியை வாங்கிவிடக் கூடாது. டெமோடெக்ஸ் பூச்சி, சொறிப்பூச்சி என்னும் நுண்ணிய சிற்றுண்ணிகளால் வரும் தோல் நோய்களும் பார்வைக்கு அப்படியே இருக்கும். அவற்றுக்கு இது பயன்படாது. தோலைச் சுரண்டிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். உடலுக்குள் புகும் பூஞ்சைகளுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. புறா எச்சத்தோடு தொடர்புடைய கிரிப்டோகாக்கஸ், பூனையின் மூக்குத் தண்டை வீங்கச் செய்து தும்மலும் சளியுமாக வரும். நீண்ட மூக்குள்ள நாய்களின் மூக்கறையில் ஆஸ்பெர்ஜில்லஸ் வளர்ந்து இரத்தம் ஒழுகச் செய்யும். மாடங்களில் புறாக்கள் குவியும் அடுக்ககங்களில் பூனை வளர்ப்பவர்கள், ஆறாத மூக்கு வீக்கத்தைக் கண்டால் எந்தக் குளியலையும் முயலாமல் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903இல் தொடங்கப்பட்டு இன்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

மே மாதம் வீராவுக்குக் குளியலை மூன்று வாரம் தவறவிட்டோம். அக்குளில் அந்தப் பழைய வாடை திரும்பியது. ஈஸ்டுக்கு இடம் கொடுப்பது எது என்பதைத் தேட வேண்டும் என்று மருத்துவர் தைராய்டு சோதனை செய்தார், குறையில்லை. பிறகு எட்டு வாரம் ஒரே வகைப் புரதம் கொண்ட உணவை மட்டும் கொடுத்துப் பார்க்கும் சோதனை. அதற்காகக் குளியலறைத் தயிரையும் நிறுத்தி, வேகவைத்த பூசணிக்காய்க்கு மாறினோம். அரிப்பில் மாற்றம் இல்லாததால் உணவு காரணமன்று என்றும், தூசு, மகரந்தம் போன்றவற்றின் ஒவ்வாமையாக இருக்க வேண்டும் என்றும் முடிவாயிற்று. அதற்குத் தனி மருந்து தொடங்கியிருக்கிறது. ஷாம்பு பத்து நாளைக்கு ஒருமுறையாகக் குறைந்திருக்கிறது. மழைக்காலம் தொடங்கியதும் வாரம் ஒருமுறையாக்கச் சொல்லியிருக்கிறார்கள். கறுப்பியின் வளர்ப்புச் சோதனை ஏப்ரலிலேயே பூஞ்சை இல்லை என்று வந்துவிட்டது. அவளுக்கு அதன் பிறகு ஒரு சொட்டுக்கூடப் போடவில்லை. அலமாரியில் இப்போது எட்டாவது புட்டி இருக்கிறது. அதன் முகப்பில் என் மகன் தடித்த பேனாவால் '10 நிமிடம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.